வண்டிக்கும் வண்டிக்கும் நடுவே கொஞ்சம் இடம் விடுங்கள்

சேலம் மாவட்டத்து லாரி, வேன், மினி பஸ் உரிமையாளர்களுக்கும், பைபாஸ் ஓரம் பார்க்கிங் யார்டு நடத்துகிறவர்களுக்கும்,

வணக்கம்.

நான் 28 வருடமாகச் சேலத்தில் வண்டி எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கிறேன். கொண்டலாம்பட்டி, சீலநாயக்கன்பட்டி, கந்தம்பட்டி என்று பைபாஸ் ஓரத்து யார்டுகளில் உங்களில் பலருடைய வண்டிக்கு அடியில் படுத்து ஒயர் இழுத்திருக்கிறேன். இப்போது எழுதப் போவதை ஒவ்வொருவரிடமும் நேரிலும் சொல்லிப் பார்த்தாகிவிட்டது. "சரிண்ணா, பார்க்கலாம்" என்பீர்கள். அதற்குள் போனில் லோடு ஆபீஸ்காரர் கூப்பிட்டுவிடுவார். உங்களைக் குறை சொல்லவில்லை. டீசல் விலையும் மாசம் பிறந்தால் கட்ட வேண்டிய டியூவும் உட்கார விடுவதில்லை. எழுத்தில் இருந்தால் ராத்திரி சாப்பிட்டு முடித்த பிறகாவது படிப்பீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

போன வருடத்துக்கு முந்தைய வருடம், பங்குனி மாதம். யார்டின் பெயர் வேண்டாம், அவர்கள் பட்ட நஷ்டமே போதும். ராத்திரி ஒன்றரை மணிக்கு எனக்குப் பழக்கமான டிரைவர் தம்பி ஒருவன் போன் செய்தான். "அண்ணா, யார்டுல வண்டி எரியுதுண்ணா, சீக்கிரம் வாங்க" என்றான். பைக்கில் போய்ச் சேர இருபது நிமிடம் ஆனது. முதல் வண்டியின் கேபின் முழுக்கப் போயிருந்தது. அடுத்த வண்டியின் தார்ப்பாய் பிடித்து, உருகி, நெருப்போடு சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. மூன்றாவது வண்டி அந்தத் தம்பியுடையது. அவன் கேபினில் உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதித்தபடி இருந்தான். இன்ஜின் அலறுகிறது, வண்டி நகரவில்லை.

ஓடிப்போய் ஃபுட்போர்டில் ஏறி உள்ளே பார்த்தேன். பிரேக்குக்கான காற்றழுத்தத்தைக் காட்டும் ஏர் மீட்டர் முள் இரண்டில் நிற்கிறது. ஐந்துக்கு மேல் ஏறினால்தான் பின் பிரேக் விடும். நெருப்புப் பக்கத்துக் கதவின் பெயின்ட் அப்பளம் மாதிரி கொப்பளித்துக்கொண்டிருந்தது. கண்ணாடியைச் சுற்றியிருந்த ரப்பர் பீடிங் இளகித் தொங்கியது. "இறங்குடா" என்றேன். "முள்ளு ஏறுதுண்ணா, இன்னும் ரெண்டு நிமிஷம்" என்றான். சட்டையைப் பிடித்து இழுத்துத்தான் இறக்கினேன். அந்த இரண்டு நிமிடம் அவனுக்குக் கிடைத்திருக்காது. நாங்கள் பத்தடி தள்ளிப் போவதற்குள் கண்ணாடி வெடித்தது.

அன்றைக்கு நான்கு லாரி போனது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. தம்பியின் பை கேபினோடு எரிந்துவிட்டது. லைசென்ஸ், ஆதார், பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் கட்ட வைத்திருந்த பணம் எல்லாம் அதில்தான் இருந்தது. வண்டிக்காவது இன்சூரன்ஸ் உண்டு, அதுவும் முழு பாலிசி போட்டிருந்தால். எரிந்ததில் இரண்டு பழைய வண்டிகளுக்கு தேர்டு பார்ட்டி மட்டும்தான் இருந்தது. தேர்டு பார்ட்டியில் சொந்த வண்டி எரிந்ததற்கு ஒரு ரூபாய்கூட வராது.

ஐந்தாவதாக நின்ற வண்டி எப்படித் தப்பியது என்று விடிந்த பிறகு பார்த்தேன். அதற்கும் நான்காவது வண்டிக்கும் நடுவே ஒரு வண்டி நிற்கும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. அந்த இடத்தில் வழக்கமாக நிற்கும் லாரி முந்தின நாள் சாயங்காலம் கோயம்புத்தூர் லோடுக்குப் போய்விட்டதாம். ஐந்தாவது வண்டியின் பக்கவாட்டுப் பலகை கருகியிருந்தது, ஒரு மட்கார்டு இளகியிருந்தது. அவ்வளவுதான். அதற்குப் பின்னால் நின்ற ஒன்பது வண்டிகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஒரு லோடு கிடைத்த அதிர்ஷ்டம் பத்து வண்டிகளைக் காப்பாற்றியது.

நான் கேட்பது இதைத்தான். அந்தக் காலி இடத்தை அதிர்ஷ்டத்துக்கு விடாமல் நீங்களே விடுங்கள். நான்கு வண்டிக்கு ஒரு வண்டி இடத்தைக் காலியாக வையுங்கள். கோடு போட்டு, அதில் யாரையும் நிறுத்த விடாதீர்கள். கண்ணாடியோடு கண்ணாடி உரச நிறுத்துகிற பழக்கத்தை விட்டு, ஒவ்வொரு வண்டிக்கும் நடுவில் ஆள் நடந்து போகவாவது வழி விடுங்கள். யார்டு நடத்துகிறவர்கள் வாடகைக் கணக்குப் பார்ப்பார்கள், தெரியும். ஒரு இடத்தின் ஒரு நாள் வாடகை எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். ஒரு வண்டியின் சேசிஸ் விலை, பாடி கட்டிய செலவு, அது நிற்கும் நாட்களின் டியூ எல்லாம் அதைவிட நன்றாகத் தெரியும்.

"சாவியைப் போர்டில் மாட்டி வைத்திருக்கிறோம், தீ பிடித்தால் மற்ற வண்டிகளை எடுத்துவிடுவோம்" என்று சில ஓனர்கள் சொல்கிறார்கள். சாவி வாட்ச்மேன் கையில் இருப்பது நல்லதுதான், கட்டாயம் வையுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். இப்போதைய பெரிய வண்டிகளில் ஹேண்ட் பிரேக் ஸ்பிரிங்கில் பிடிக்கிறது. ஏர் இருந்தால்தான் அந்த ஸ்பிரிங் விடும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் எங்காவது ஒரு பைப்பில் ஏர் கசிந்து டேங்க் இறங்கியிருக்கும். ஸ்டார்ட் செய்து ஏர் ஏறச் சில நிமிடம் ஆகும். பழைய கம்ப்ரஸர் என்றால் இன்னும் இழுக்கும். பக்கத்தில் எரியும்போது அந்த நேரம் கிடையாது. கயிறு கட்டி இழுத்தாலும் சக்கரம் சுற்றாது, தேய்த்துக்கொண்டுதான் வரும். அதனால் இடைவெளியை முதலில் வையுங்கள், சாவி அதற்குப் பிறகு. வண்டியின் முகம் வெளியே பார்த்து நிற்கட்டும். ரிவர்ஸ் எடுத்து வளைத்து வெளியே கொண்டுவர அந்த நேரத்தில் யாருக்கும் நிதானம் இருக்காது.

பெங்களூருக்கு லோடு போகிறவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். 2019 பிப்ரவரி 23 அன்று எலகங்காவில் விமானக் கண்காட்சி நடந்தபோது, பார்க்கிங் மைதானத்தில் காய்ந்த புல் பிடித்துச் சுமார் 300 கார்கள் எரிந்தன. 2023 அக்டோபர் 30 அன்று அதே ஊரில் வீரபத்ர நகர் பக்கம் ஒரு கராஜில் நின்ற தனியார் பஸ்கள் பத்துக்கும் மேல் எரிந்தன. அதே மாதம் 10ஆம் தேதி இங்கிலாந்தில் லூட்டன் விமான நிலையத்து அடுக்குமாடி பார்க்கிங்கில் ஒரே ஒரு டீசல் காரில் பிடித்த தீ 1,400 வண்டிகளுக்கு மேல் முடித்துவிட்டது. மூன்று இடத்திலும் வண்டிகள் ஒன்றையொன்று ஒட்டி நின்றன.

சரி, நின்றுகொண்டிருக்கும் வண்டியில் தீ எப்படி வருகிறது? சாவியை எடுத்துவிட்டால் வண்டி தூங்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். என் தொழிலில் பார்த்தது வேறு. லாரியில் 12 வோல்ட் பேட்டரி இரண்டு சேர்ந்து 24 வோல்ட். சாவியை எடுத்தாலும் பேட்டரியிலிருந்து செல்ஃப் மோட்டாருக்கும் ஃபியூஸ் பெட்டிக்கும் போகிற லைன்கள் உயிரோடுதான் இருக்கும். கம்பெனி போட்ட லைன்கள் பெரும்பாலும் ஒழுங்காக உறைக்குள் போகும். கோளாறு எல்லாம் அப்புறம் நாம் சேர்த்தவற்றில்தான். ஏர் ஹாரன், கேபின் ஃபேன், பாட்டுப் பெட்டி, முன்னால் நாலு எக்ஸ்ட்ரா லைட், சாமி படத்துக்குச் சீரியல் லைட், அதன் மேல் ஜிபிஎஸ். முக்கால்வாசி வண்டியில் இவற்றுக்கெல்லாம் நேராகப் பேட்டரி டெர்மினலில் ஒயரை முறுக்கியிருப்பார்கள். நடுவில் ஃபியூஸ் இருக்காது. அந்த ஒயர் சேசிஸ் விளிம்பில் உரசியபடியே வட இந்தியா வரை போய்வரும். மேல்தோல் என்றைக்காவது ஒரு நாள் அறுந்துதானே ஆக வேண்டும்? அறுந்து சேசிஸைத் தொட்டால், பேட்டரி முழு வேகத்தில் கரண்டைத் தள்ளும். ஒயர் சிவந்து, பக்கத்தில் இருக்கிற டீசல் பைப்பையோ எண்ணெய் ஊறிய சாக்கையோ பிடித்துக்கொள்ளும்.

போன மாதம் ஒரு வண்டியில் ஹெட்லைட் எரியவில்லை என்று கூப்பிட்டார்கள். ஃபியூஸ் பெட்டியைத் திறந்தேன். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித் தாளை மடித்துச் செருகியிருந்தது. அது நன்றாகவே வேலை செய்திருக்கிறது, போகவே இல்லை. ஆனால் அதற்குப் பின்னால் இருந்த ஒயர் ஒரு சாண் நீளத்துக்குக் கருகி, உள்ளே செம்பு பச்சை பிடித்திருந்தது. எந்த ஊரில் எந்த ராத்திரியில் யார் வைத்தார்கள் என்று டிரைவருக்கே தெரியவில்லை. ஃபியூஸ் என்பது போக வேண்டிய பொருள். திரும்பத் திரும்பப் போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது என்று அர்த்தம். ஒரு பாக்கெட் ஃபியூஸ் வாங்கி ஒவ்வொரு வண்டியிலும் போட்டு வையுங்கள். வழியில் போனால் டிரைவர் வெள்ளித் தாளைத் தேட மாட்டார்.

இதற்கு என் கைவசம் இருக்கிற சுலபமான வைத்தியம் பேட்டரி கட் ஆஃப் சுவிட்ச். பல வண்டிகளில் கம்பெனியே கொடுத்திருக்கிறது, யாரும் தொடுவதில்லை. இல்லாத வண்டிக்கு மாட்ட அரை நாள் வேலை. ராத்திரி நிறுத்தியதும் அதைத் திருப்பிவிட்டால் வண்டியில் கரண்டே இருக்காது. ஆனால் ஒன்று, நேராகப் பேட்டரியில் முறுக்கிய ஒயர்கள் இருந்தால் அவை சுவிட்சுக்கு வெளியே நிற்கும். அவற்றையும் சுவிட்சுக்கு இந்தப் பக்கம் மாற்றி, ஒவ்வொன்றுக்கும் ஃபியூஸ் போட வேண்டும். "ஜிபிஎஸ் செத்துப்போகுமே" என்று கேட்பீர்கள். அரசாங்கம் சொன்ன தரத்தில் வருகிற ஜிபிஎஸ் பெட்டிக்குள் சின்னதாக ஒரு பேட்டரி உண்டு, கொஞ்ச நேரம் தாங்கும். அதுவும் போதாது என்றால் ஜிபிஎஸ்ஸுக்கு மட்டும் பேட்டரிக்குப் பக்கத்திலேயே சின்ன ஃபியூஸ் போட்டுத் தனி லைன் கொடுக்கலாம். புகையைச் சுத்தம் செய்ய ஆட்புளூ என்கிற திரவம் ஊற்றுகிற வண்டிகளில் இன்ஜினை நிறுத்தியவுடனே கட் செய்யாதீர்கள். பைப்பில் நிற்கிற திரவத்தை அது திருப்பி இழுக்க இரண்டு நிமிடம் வேண்டும், அதற்குப் பிறகு திருப்புங்கள்.

எலியை மறந்துவிடாதீர்கள். மரவள்ளி, மக்காச்சோளம், கடலை ஏற்றி இறக்கிய வண்டி இரண்டு நாள் நின்றால் எலி வந்துவிடும். தீனி முடிந்ததும் ஒயரைத்தான் கடிக்கும். லோடு இறக்கியதும் பாடியைக் கூட்டித் தள்ளச் சொல்லுங்கள். கேபினில் பொரி, பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துப் போட்டு வைக்க வேண்டாம்.

அடுத்தது சூடு. தொப்பூர் கணவாய் இறங்கி வருகிற வண்டி, ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வருகிற சுற்றுலா வேன், காபி மூட்டை லாரி எல்லாமே பிரேக் காய்ந்துதான் வரும். நல்ல வண்டி என்றால் சமவெளியில் ஓடும்போது காற்றுப் பட்டு ஆறிவிடும். ஒரு சக்கரத்தில் பிரேக் பிடித்தபடியே இருந்தாலோ, ஹப் பேரிங்கில் கிரீஸ் தீர்ந்திருந்தாலோ அது ஆறாது, ஏறிக்கொண்டே போகும். ஓடும் வரை காற்று காப்பாற்றும். நிறுத்திய பிறகுதான் டிரம்மின் சூடு மெதுவாக டயருக்கு இறங்கும். டிரைவர் குளிக்கப் போன பிறகு, பத்து இருபது நிமிடம் கழித்துப் புகை வரும். அதனால் உள்ளே வருகிற வண்டியை உடனே வரிசையில் சேர்க்காதீர்கள். வாசல் பக்கம் கால் மணி நேரமோ அரை மணி நேரமோ தனியாக நிற்கட்டும். கிளீனர் ஒரு சுற்று வந்து ஒவ்வொரு ஹப் பக்கமும் புறங்கையைக் காட்டிப் பார்க்கட்டும், தொட வேண்டாம். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகக் கொதித்தால் அந்த வண்டி வரிசைக்குப் போகக் கூடாது.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த, பிஎஸ் 6 என்கிற புதிய புகை விதிப்படி செய்த வண்டி வைத்திருப்பவர்கள் இதையும் கவனியுங்கள். சைலன்சர் பக்கத்து ஃபில்டரில் சேர்ந்த கரியை வண்டி தானாகவே எரித்துச் சுத்தம் செய்யும். அப்போது அங்கே சூடு 600 டிகிரி வரை போகும். அந்த நேரத்தில் மாசி, பங்குனியில் காய்ந்து கிடக்கிற புல் மேலோ சருகு மேலோ நிறுத்தினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஏற்காடு மலையில் சாலையோரம் நிறுத்துகிற வேன்காரர்களுக்கும் இதையே சொல்கிறேன். அங்கே பிடித்தால் வண்டியோடு போகாது, காடும் சேர்ந்து போகும்.

புல் என்றதும் மாம்பழ சீசன் ஞாபகம் வருகிறது. சித்திரை, வைகாசியில் மல்கோவாவும் இமாம் பசந்தும் ஏறி இறங்குகிற வண்டிகளில் முழங்கால் அளவுக்கு வைக்கோல் கிடக்கும். இறக்கிய பிறகு அதை அப்படியே யார்டு மூலையில் தள்ளிவிடுகிறோம். ஒரு பீடித் துண்டு போதும். அக்னி நட்சத்திரத்தில் அந்த மூலையைத் தினமும் சுத்தம் செய்யுங்கள், அதை அங்கேயே கொளுத்தாதீர்கள். தென்னை நார், பஞ்சுக் கழிவு, பழைய பேப்பர் லோடு நிற்கும் வண்டிகளுக்கு யார்டில் தனி இடம் வேண்டும். தீபாவளிக்கு முந்தின மூன்று நாளும் அந்த வண்டிகளின் தார்ப்பாயை வாட்ச்மேன் அடிக்கடி டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பக்கத்துத் தெருப் பிள்ளைகள் விடுகிற ராக்கெட் எங்கே விழும் என்று யார் கண்டது?

டிரைவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. வண்டிக்குப் பக்கத்தில் ஸ்டவ் பற்ற வைத்துச் சமைக்கிறார்கள், கேபினுக்குள் கொசுவர்த்தி வைத்துத் தூங்குகிறார்கள் என்று ஓனர்கள் திட்டுவதைக் கேட்டிருக்கிறேன். இரண்டுமே ஆபத்துதான். மெத்தை விரிப்பின் நுனி கொசுவர்த்தியில் பட்டுக் கருகியதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்கள் வேறு எங்கே சமைப்பார்கள்? மூன்று நாள் வண்டி ஓட்டி வந்தவன் ஓட்டலில் சாப்பிட்டே காசைக் கரைக்க முடியுமா? யார்டின் ஒரு ஓரத்தில், வண்டிகளிலிருந்து தள்ளி, தகரக் கொட்டகை போட்டு இரண்டு அடுப்பு மேடை கட்டிக் கொடுங்கள். தண்ணீர் வசதி இருக்கட்டும். படுக்க நாலு கட்டிலும் கொசுவலையும் வையுங்கள். அதைச் செய்துவிட்டு, வண்டிப் பக்கம் நெருப்பு கூடாது என்று சொன்னால் எந்த டிரைவரும் கேட்பார்.

வெல்டிங் வேலையை வரிசைக்கு நடுவில் வைத்துச் செய்யாதீர்கள். வண்டியைத் தனியே கொண்டுபோய், பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டுத்தான் ராடு பிடிக்க வேண்டும். பலகைத் தளத்துக்குள் விழுந்த பொறி வெளியே தெரியாமல் மணிக்கணக்காகக் கனன்று ராத்திரியில் எழும். வேலை முடிந்து இரண்டு மணி நேரமாவது ஒரு ஆள் பக்கத்தில் இருக்கட்டும்.

பேட்டரி வண்டி பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். சரக்கு ஆட்டோக்கள் இப்போது அதில் நிறைய வருகின்றன. அவை அடிக்கடி எரியும் என்று நான் சொல்ல மாட்டேன். லூட்டனில் முதலில் எரிந்தது டீசல் கார்தான். ஆனால் லித்தியம் பேட்டரி பிடித்தால் அணைப்பது கஷ்டம். நிறையத் தண்ணீர் வேண்டும், அணைந்த மாதிரி இருந்து சில மணி நேரம் கழித்து மறுபடி பிடிக்கும். ஜெர்மனியில் ஸ்டட்கார்ட் பஸ் டெப்போவில் 2021 செப்டம்பர் 30 அன்று 25 பஸ் எரிந்தது, சார்ஜில் நின்ற ஒரு பேட்டரி பஸ்ஸில் தொடங்கியதாகத்தான் சந்தேகப்பட்டார்கள். சார்ஜ் போடுகிற இடத்தை மேற்கூரைக்குக் கீழே, மற்ற வண்டிகளுக்கு நடுவில் வைக்காதீர்கள். வெளியே, சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். தண்ணீரில் மூழ்கிய வண்டியையும் அடிபட்ட வண்டியையும் சார்ஜில் போடாமல் தனியே நிறுத்துங்கள்.

தீ அணைக்கிற சிலிண்டர் எஃப்சிக்காக, அதாவது வண்டியின் தகுதிச் சான்றுக்காக மட்டும் வாங்கிக் கேபின் மூலையில் போட்ட பொருளாக இருக்கிறது. முள் பச்சையில் நிற்கிறதா என்று மாதம் ஒரு முறை பாருங்கள். அதிர்வில் பவுடர் அடியில் இறுகிவிடும், தலைகீழாகத் திருப்பி உலுக்க வேண்டும். யார்டில் பெரிய ஏபிசி பவுடர் சிலிண்டர்கள் வாட்ச்மேன் அறைக்குள் பூட்டப்படாமல் வெளியே தொங்கட்டும். பவுடர் நெருப்பை அடக்குமே தவிர சூட்டை ஆற்றாது. டயர் பிடித்திருந்தால் மறுபடி எழும், பிறகு தண்ணீர் அடித்து ஆற்ற வேண்டும். டீசல் எரிகிற இடத்தில் தண்ணீரை ஊற்றாதீர்கள், பரவும், மணல் போடுங்கள். முதல் வேலை 101க்கோ 112க்கோ போன் செய்வது. ஓனருக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். அன்றைக்கு வாட்ச்மேன் முதலில் ஓனருக்குத்தான் போன் செய்தார், அவர் எடுக்கவில்லை. செவ்வாய்ப்பேட்டையிலிருந்தோ சூரமங்கலத்திலிருந்தோ தீயணைப்பு வண்டி வந்தால் அது உள்ளே நுழைய 15 அடி வழி வேண்டும். கேட்டுக்குக் குறுக்கே ராத்திரி கடைசியாக வந்த லாரியை நிறுத்துகிற பழக்கத்தை இன்றைக்கே நிறுத்துங்கள்.

மாசி பிறப்பதற்குள் உங்கள் சங்கக் கூட்டத்தில் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். தீயணைப்பு நிலையத்தில் எழுதிக் கொடுத்தால் அவர்களே வந்து யார்டைப் பார்த்து, சிலிண்டர் பிடிக்கச் சொல்லித் தருவார்கள். என் பங்குக்கு, ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்த யார்டுக்குக் கூப்பிட்டாலும் மீட்டரோடு வருகிறேன். பேட்டரியில் நேராக முறுக்கிய ஒயர் எந்தெந்த வண்டியில் இருக்கிறது என்று பார்த்து எழுதிக் கொடுக்கிறேன், கூலி வேண்டாம். அதற்கு முன்னால் ஒரு வேலை மட்டும் நீங்கள் செய்து வையுங்கள். ஒரு வாளி சுண்ணாம்பு கரைத்து, நான்கு வண்டிக்கு ஒரு காலி இடம் என்று தரையில் கோடு போட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வண்டிகளுக்கு ஒயர் இழுக்கிற ஒரு எலக்ட்ரீஷியன்,
சேலம்.